ஹூண்டாய் பெயரை மீட்டது வாரண்டிச் சீட்டா, தொழிற்சாலையா?

வாசகர் ஒருவரின் கேள்வி | 6 ஜனவரி 2024

அமெரிக்காவில் மட்டமான கார் என்ற பெயரிலிருந்து ஹூண்டாய் மீண்டதற்கு ஒரே காரணம் 1998-இல் அறிவித்த பத்து ஆண்டு வாரண்டிதான் என்பது என் கருத்து. கார் அப்படியேதான் இருந்தது. விளம்பரம் மாறியது, மக்கள் நம்பிவிட்டார்கள். இதை மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

6 ஜனவரி, இரவு

நான் மறுக்கிறேன். அம்பத்தூரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், வாரண்டி என்ற சொல்லை விளம்பரப் பிரிவின் சொல்லாக என்னால் பார்க்க முடியவில்லை. எங்களுக்கு அது கணக்குப் பிரிவிலிருந்து வரும் சொல்.

முதலில் ஓர் எண்ணைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் புதிய கார் வாங்கியவர்களிடம் முதல் 90 நாள்களில் கண்ட குறைகளைக் கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 1998-இல் ஹூண்டாயின் எண் 272. 2004-இல் அதே ஆய்வில் 102. அந்த ஆண்டு டொயோட்டா என்ற பெயரில் விற்ற கார்களின் எண் 104. கார் அப்படியேதான் இருந்தது என்றால் இந்த 170 குறைகளும் எங்கே போயின? விளம்பரத்தால் ஒருவரைக் கடைக்குள் அழைத்துவர முடியும். வாங்கிய பின் கதவில் காற்று இரைகிறதா, கியர் சிக்குகிறதா என்று கேட்கும்போது அவர் விளம்பரத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

7 ஜனவரி

அந்தப் பெயர் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லாமல் மீட்பைப் பற்றிப் பேசுவது சரியல்ல என்று காலையில் தோன்றியது.

1967-இல் தொடங்கிய ஹூண்டாய் மோட்டார், 1975-இல் போனி என்ற தன் முதல் சொந்தக் காரைச் செய்தது. வடிவம் இத்தாலியின் ஜியூஜியாரோ கொடுத்தது. எஞ்சின் மிட்சுபிஷியின் தொழில்நுட்பம். அடுத்து வந்த எக்ஸல் என்ற காரோடு 1986 பிப்ரவரியில் அமெரிக்காவில் கால் வைத்தார்கள். விலை 4,995 டாலர். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 1,69,000 கார்கள் விற்றன. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் நுழைந்த முதல் ஆண்டில் அதுவரை அவ்வளவு விற்றதில்லை. அடுத்த ஆண்டு 2,60,000-ஐத் தாண்டியது.

என் பார்வையில் சறுக்கல் அந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. சந்தைக்குப் புதிய ஒரு நிறுவனம், இன்னும் முழுதாகத் தன் கைக்கு வராத தொழில்நுட்பத்தில், இரண்டே ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ஒரு நாட்டில் இறக்கிவிட்டது. கார்களில் பழுதுகள் வரத் தொடங்கியபோது அவற்றைச் சீர்செய்யும் அளவுக்கு முகவர் வலை வளரவில்லை. மலிவாக வாங்கிய காருக்கு மறுவிற்பனை விலையும் விழுந்துவிட்டதால், பழுதுபார்ப்பதைவிடக் கைகழுவுவதே மேல் என்று நினைத்தவர்கள் உண்டு. இரவுநேரத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு ஹூண்டாய் என்ற பெயரே போதுமான கேலியாகிவிட்டது. 1998-இல் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 90,000-க்கு இறங்கியது. கனடாவின் ப்ரோமோன்ட் நகரில் 1989-இல் திறந்த தொழிற்சாலையை 1993-இல் மூடியிருந்தார்கள்.

7 ஜனவரி, மாலை

ஒரு திருத்தம். பத்து ஆண்டு வாரண்டி என்று நாம் இருவருமே பொதுவாகச் சொல்லிவிட்டோம். முழுக் காருக்கும் பத்து ஆண்டுகள் தரவில்லை. எஞ்சின், கியர்பெட்டி முதலான இயக்கப் பாகங்களுக்குத்தான் பத்து ஆண்டுகள் அல்லது 1 லட்சம் மைல்; அதுவும் காரைப் புதிதாக வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டும். மற்றப் பாகங்களுக்கு ஐந்து ஆண்டுகள் அல்லது 60,000 மைல். இந்த வேறுபாட்டைப் பின்னால் எடுத்துக்கொள்வேன்.

10 ஜனவரி

மூன்று நாள்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாரண்டி எப்படிக் காரை மாற்றும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். எங்கள் பட்டறையில் கண்டதைச் சொன்னால் புரியும் என்று நம்புகிறேன்.

மாதம் ஒருமுறை, சில சமயம் இருமுறை, எங்களிடம் பாகங்கள் வாங்கும் கார் நிறுவனத்திலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வரும். வாடிக்கையாளரின் காரிலிருந்து வாரண்டியில் கழற்றிய பாகங்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும்: கார் எண், ஓடிய கிலோமீட்டர், விற்ற தேதி, எந்த ஊர் முகவர், என்ன குறை. பெட்டியோடு ஒரு டெபிட் நோட்டும், அதாவது எங்கள் கணக்கில் பற்று எழுதும் சீட்டும் வரும். அதில் பாகத்தின் விலை மட்டும் இருக்காது. கழற்றி மாட்டிய கூலியும், சில சமயம் பழுதான காரை இழுத்துவந்த வண்டிச் செலவும் சேர்ந்திருக்கும். நாற்பது ரூபாய்ப் பாகத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் பற்று எழுதப்பட்டதைப் பார்த்து எங்கள் முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாரமே புதிய அளவுக்கருவி வாங்க ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக நான் எழுத்தில் கேட்டும் கிடைக்காத கருவி அது.

வாரண்டிக் காலம் குறுகியதாக இருந்தால் அந்தப் பெட்டியில் ஒரு வகைப் பாகங்கள்தாம் வரும்: தவறாகப் பூட்டியவை, வார்ப்பில் ஓட்டை உள்ளவை, சீல் கிழிந்தவை. தேய்மானத்தால் வரும் குறைகள், வெப்பத்தில் இறுகிப்போகும் ரப்பர், மெல்ல மெல்லத் தளரும் பேரிங் ஆகியவை மூன்றாம் ஆண்டுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது வாரண்டி முடிந்திருக்கும். அந்தப் பாகம் எங்கோ ஒரு மெக்கானிக் கடையின் குப்பையில் போகும். செய்தவன் அதை ஒருநாளும் பார்க்க மாட்டான். பத்து ஆண்டுகள் என்று கையெழுத்திட்ட நிறுவனம், எட்டாம் ஆண்டில் தளரும் பேரிங்கையும் தன் பெட்டிக்குள் இழுத்துக்கொள்கிறது. அது வருவதற்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க முடியாது. வரப்போகும் பற்றுக்காக விற்கும் நாளிலேயே கணக்கில் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டின் அளவு நிதிப் பிரிவின் மேசையில் ஒவ்வோர் ஆண்டும் தெரியும். அதைக் குறைக்க வழி கேட்டு அவர்களே வடிவமைப்பாளரிடம் போவார்கள்.

அதனால்தான் உங்கள் கூற்றை மறுக்கிறேன். கார் மாறாமல் இருந்திருந்தால் அந்த வாரண்டி ஹூண்டாயைச் சில ஆண்டுகளில் தின்றிருக்கும்.

11 ஜனவரி

தொழிற்சாலையில் உண்மையில் என்ன செய்தார்கள் என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தலைவராக வந்த சுங் மோங்-கூ, நிறுவனரின் மகன். அவர் பல ஆண்டுகள் நடத்தியது ஹூண்டாயின் பழுதுபார்ப்புச் சேவை நிறுவனத்தை. எனக்கு இது முதன்மையான செய்தி. காரை விற்பவரும் வடிவமைப்பவரும் கார் புதிதாக இருக்கும்போது பார்ப்பவர்கள். சேவைப் பிரிவில் இருந்தவரோ, கழற்றிப்போட்ட பாகங்களின் குவியலைப் பார்த்தே வளர்ந்தவர்.

தென்கொரியாவின் உல்சான் தொழிற்சாலைக்குப் போன அவர், சொனாட்டா என்ற ஹூண்டாய் காரின் பானட்டைத் திறந்து பார்த்த நிகழ்வு வணிக இதழ்களில் வந்திருக்கிறது. உள்ளே தளர்ந்து தொங்கும் வயர்கள், சிக்கிக் கிடக்கும் ஹோஸ் குழாய்கள், நான்கு வெவ்வேறு நிறங்களில் போல்ட்டுகள். எல்லாப் போல்ட்டுகளையும் கறுப்பு நிறமாக்கும்படியும், உள்ளே ஒழுங்காக இல்லாத காரை வெளியே விடக்கூடாது என்றும் அங்கேயே உத்தரவிட்டார்.

படித்த அன்று இதை ஒரு முதலாளியின் அதிகாரத் தோரணை என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நான்கு நிறம் என்றால் பெரும்பாலும் நான்கு இடங்களிலிருந்து வந்தவை, நான்கு விதமான பூச்சுகள் என்று பொருள். பூச்சு மாறினால் உராய்வு மாறும். உராய்வு மாறினால், ஒரே டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்கினாலும் பிடிப்பு ஒன்றுபோல இருக்காது. கறுப்புச் சாயம் அடித்து இதைத் தீர்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லும்போது, ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வி கீழே எழுந்தே தீரும். எங்கள் பட்டறையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாத காலமும் உண்டு, கேட்ட காலமும் உண்டு. இரண்டு காலங்களின் ரிஜெக்‌ஷன் கணக்கையும் கையால் எழுதியவன் நான்.

தரப் பிரிவைத் தன் நேரடிப் பார்வையில் வைத்துக்கொண்டதும், ஆள்களைப் பல மடங்கு கூட்டியதும், மாதத்துக்கு இருமுறை தரக் கூட்டத்தில் தானே உட்கார்ந்ததும் அடுத்தடுத்து நடந்தவை.

11 ஜனவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தலைவர் வந்தார், தரத்தைத் திருத்தினார், பிறகு துணிந்து வாரண்டி கொடுத்தார் என்று படிப்பவருக்குத் தோன்றும். வரிசை அப்படி இல்லை. வாரண்டி 1998 இறுதியில், 1999 மாடல் கார்களுக்காக வந்தது. 1967 முதல் நிறுவனத்தை நடத்திய, சுங் மோங்-கூவின் சித்தப்பா சுங் செ-யுங் முழுதாக விலகியது 1999-இல்தான். வாரண்டித் திட்டத்தை முன்னின்று நடத்தியது அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்த ஃபின்பார் ஓ'நீல். அவர் அதற்கு முன் அந்தக் கிளையின் சட்ட ஆலோசகர். கிளையை மூடுவதா தொடர்வதா என்று பேசும் நிலைக்கு விற்பனை இறங்கியிருந்த நேரம் அது.

ஆகவே, வாரண்டி விற்பனைக்காகப் பிறந்தது என்று நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். வாக்கு முதலில் வந்தது. அதைக் காப்பாற்றும் கார் பின்னால் வந்தது. வாக்குக் கொடுத்த பின் திரும்ப வழியில்லாததால்தான் கார் வந்தது என்பது என் வாதம். பிற்காலத்தில் அதே ஓ'நீல் ஜே.டி. பவர் நிறுவனத்துக்கே தலைவரானார்.

15 ஜனவரி

முதல் நாள் நான் பெருமையாக எடுத்துவைத்த 102 என்ற எண்ணைப் பற்றி எனக்கே ஓர் ஐயம். அது முதல் 90 நாள்களின் கணக்கு. மூன்று மாதத்தில் குறையில்லாத கார் பத்து ஆண்டுகள் உழைக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மூன்று ஆண்டுகள் ஓடிய கார்களைப் பற்றிய தனி ஆய்வும் ஜே.டி. பவரிடம் உண்டு. அந்த ஆய்வு எந்த ஆண்டில் வந்தாலும் அது பேசுவது மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த காரைப் பற்றி. தொழிற்சாலை இன்று திருந்தினால் அந்தக் கணக்கில் மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். பழைய கார் சந்தையின் விலையில் தெரிய இன்னும் நாளாகும். பக்கத்து வீட்டுக்காரரின் வாயில் தெரிய அதைவிட நாளாகும்.

இதற்கு என் குடும்பத்திலேயே சான்று உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்காவின் கணவர் 2002-இல் புதிதாக ஒரு எலான்ட்ரா வாங்கினார். அலுவலகத்தில் உடன் வேலை செய்தவர்கள் வாழ்த்துக்கு முன்னால் கேட்டது, "ஹூண்டாயா?" என்ற ஒரே கேள்விதான் என்று அவர் தொலைபேசியில் சொன்னார். அவர் வாங்கியதற்குக் காரணம் அந்த வாரண்டி. சென்னையில் ஒவ்வொரு ரசீதையும் சேர்த்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவர். முதல் ஆயில் மாற்றியதிலிருந்து எல்லாச் சீட்டையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் தைத்துவைத்தார். கார் அவரை ஒருநாளும் வழியில் நிறுத்தவில்லை. ஆனாலும் உடன் வேலை செய்தவர்கள் நான்கைந்து ஆண்டுகள் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

16 ஜனவரி

நம் ஊரில் ஹூண்டாய்க்கு இப்படி ஒரு கெட்ட பெயர் இருந்ததே தெரியாதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ 1998 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவில் வாரண்டி வந்ததும் ஏறத்தாழ அதே நேரம்தான். ஒரே நிறுவனம் ஓர் ஊரில் கெட்ட பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் வெற்றுப் பலகையில் எழுதத் தொடங்கியது. எக்ஸலை இங்கே யாரும் ஓட்டியதில்லை. மாருதி 800 அப்போது கார்புரேட்டரோடு ஓடிக்கொண்டிருந்தது. சான்ட்ரோவில் அதைவிட நவீனமான, எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் எம்பிஎஃப்ஐ முறை இருந்தது. உயரமான அந்த வடிவத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர்கள், தலைப்பாகையோடும் கொண்டையோடும் நிமிர்ந்து உட்கார முடிகிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். என் தந்தையார் 2001-இல் வாங்கிய சான்ட்ரோ பதினான்கு ஆண்டுகள் எங்களிடம் இருந்தது. முழங்கால் வலியோடு என் பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கிய ஒரே கார் அதுதான்.

16 ஜனவரி, இரவு

2009-ஐப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிதி நெருக்கடியில் மக்கள் கார் வாங்கவே அஞ்சிய அந்த ஜனவரியில், வாங்கிய ஓராண்டுக்குள் வேலை போனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஹூண்டாய் அறிவித்தது. அமெரிக்கக் கார் சந்தை அந்த ஆண்டு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. ஹூண்டாயின் விற்பனையோ 8 சதவீதம் உயர்ந்து 4,35,000-ஐ எட்டியது. திருப்பிக் கொடுக்கப்பட்டவை சில நூறு கார்கள்தாம். அதே மாதம் ஜெனிசிஸ் என்ற அதன் பெரிய கார் வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது.

21 ஜனவரி

"எல்லாம் சரி, அப்புறம் வந்த எஞ்சின் விவகாரத்தையும் கார் திருட்டையும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேள்வி வந்திருக்கிறது. விடவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனெனில் இது என் வாதத்தையே சோதிக்கிறது.

2005-இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் ஹூண்டாய் தன் அமெரிக்கத் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கே செய்த தீட்டா-2 என்ற வகை எஞ்சின்களில், உள்ளே சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுதாகக் கழுவப்படாமல் தங்கிவிட்டன. அவை எண்ணெய் போகும் வழியை அடைத்து, பேரிங்கைத் தேய்த்து, ஓடும் எஞ்சினை நிறுத்தின. 2015 செப்டம்பரில் 4,70,000 சொனாட்டாக்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் அதே குழுமத்தைச் சேர்ந்த கியாவும் சேர்ந்து மேலும் 10 லட்சத்துக்கு மேல். கிம் குவாங்-ஹோ என்ற ஹூண்டாய்ப் பொறியாளர், நிறுவனம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று 2016-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஆவணங்களைக் கொடுத்தார். 2020-இல் இரு நிறுவனங்களும் 21 கோடி டாலர் அளவிலான அபராத உடன்பாட்டுக்கு வந்தன. 2021-இல் அவருக்கு 2.4 கோடி டாலருக்கும் மேலான வெகுமதி அறிவிக்கப்பட்டது.

கிராங்க் ஷாஃப்டைக் கழுவும் தொட்டியின் முன் நின்றவர்களுக்கு இது எவ்வளவு சிறிய தவறு என்று தெரியும். கழுவுநீரின் அழுத்தம், வடிகட்டி, கடைசல் முனையில் நிற்கும் பிசிர், இவற்றில் ஒன்று தவறினால் போதும். கண்ணுக்குத் தெரியாத துகள் அது. ஆனால் வாரண்டிப் பெட்டி இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். எஞ்சின்கள் திரும்பி வந்தன. குறை நிறுவனத்துக்குத் தெரிந்தது. தெரிந்ததை வெளியே சொல்வதில்தான் தவறினார்கள். பெட்டி செய்தியைக் கொண்டுவரும். அதைத் திறந்த சபையில் படிக்க மனிதர் வேண்டும்.

திருட்டு வேறு வகை. எனக்கு அதுவே அதிகம் உறைக்கிறது. சரியான சாவி இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசர் என்ற கருவி, 2015-இல் அமெரிக்காவில் மற்ற நிறுவனங்களின் 96 சதவீத மாடல்களில் இயல்பாகவே இருந்தது. ஹூண்டாய், கியா மாடல்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. கனடாவில் 2007 முதல் அது சட்டப்படி கட்டாயம் என்பதால் அங்கே பொருத்தினார்கள். எல்லைக்குத் தெற்கே பொருத்தவில்லை. 2021 முதல், திருடும் முறையைக் காட்டும் காணொளிகள் பரவின. கார்கள் தெருத்தெருவாகத் திருடு போயின. சில காப்பீட்டு நிறுவனங்கள் அந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி தரவே மறுத்தன.

திருடு போன கார் எந்த வாரண்டிப் பெட்டியிலும் திரும்பி வராது. பொருத்தாமல் விட்ட கருவி பழுதாவதில்லை. பழுதாகாததற்குச் சீட்டு கட்ட முடியாது. 2012-இல் வெளிப்பட்ட மைலேஜ் விவகாரமும் இந்த வகைதான். ஏறத்தாழ 9 லட்சம் கார்களின் கண்ணாடியில் ஒட்டிய எரிபொருள் எண் உண்மையைவிடக் கூடுதலாக இருந்தது. எந்த மெக்கானிக்காலும் அதைக் கழற்றி அனுப்ப முடியாது. 10-ஆம் தேதி வாரண்டியைப் புகழ்ந்து எழுதியதில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: திரும்பிவரும் குறைகளைத்தான் அது திருத்தியது. வாடிக்கையாளரின் தலையிலேயே தங்கிவிடும் குறைகளை அது தொடவில்லை.

22 ஜனவரி

அப்படியானால் பெயர் மீண்டும் போய்விட்டதா என்ற கேள்விக்கு என் பதில், முழுதாகப் போகவில்லை என்பது. 1990-களில் ஒரு எக்ஸல் நின்றுபோனால், எல்லா ஹூண்டாயும் அப்படித்தான் என்றார்கள். இப்போது எந்த எஞ்சின், எந்த ஆண்டு, எஞ்சினைக் கிளப்புவது சாவியாலா பொத்தானாலா என்று கேட்கிறார்கள். கெட்ட செய்தியைக் கூட மாடல்வாரியாகப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வாங்குபவரிடம் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. 2019-இல் தீட்டா-2 எஞ்சினின் அந்தக் குறைக்கு மட்டும் ஆயுள்கால வாரண்டி கொடுத்தார்கள். மறுபடியும் அதே மருந்துதான்.

24 ஜனவரி

அந்த எலான்ட்ரா என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக நேற்று அக்கா வீட்டுக்குப் பேசினேன். 2012-இல், பத்தாம் ஆண்டு முடியச் சில வாரங்கள் இருந்தபோது விற்றுவிட்டார்களாம். வாங்கியது ஒரு கல்லூரி மாணவி. வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், உனக்கு வராது என்று அக்காவின் கணவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மேசைமேல் இருந்த ரசீதுக் கோப்பைப் பத்து நிமிடம் புரட்டினாளாம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கோப்பையும் தர முடியுமா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.